அறுபத்தைந்து சென்டிமீட்டர்

மாச்சியா, டோக்கியோ
பிப்ரவரி 24

அன்புள்ள தொவாகோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இந்தக் குளிரைக் காய்ச்சல் இல்லாமல் கடந்துவிட்டோம், அப்பாவுக்கு மட்டும் வருஷா வருஷம் வருகிற பனிவெடிப்பு கால் விரலில் வந்து போனது. நீ படிக்கப் போன ஊலுவில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். அப்படி இல்லையென்றால் பதிலில் உள்ளதை எழுது, என்னைச் சமாதானப்படுத்துவதற்காக எழுதாதே. தினமும் கைபேசியில் பேசுகிற அம்மா எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கைபேசியில் பேசினால் உன் முகத்தைத் திரையில் பார்ப்பேன், பார்த்தால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன், மீதிப் பாதியையும் வேறு மாதிரி ஆக்கிச் சொல்லிவிடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். அப்பாவுக்கு விஷயம் தெரியும், ஆனால் நான் எழுதும் விதம் நம் இருவரோடு இருக்கட்டும்.

சந்தில் செய்தி என்றால், பக்கத்து ஹொசாகா வீட்டை இடித்துக் கட்டி முடித்துவிட்டார்கள், போன வாரம் இரட்டைக் குழந்தைகளோடு குடிவந்தார்கள். சாயங்காலம் இரண்டும் சேர்ந்து அழும்போது நம் வீட்டுச் சுவர் வழியாக நம் வீட்டிலேயே அழுகிற மாதிரி கேட்கிறது, நம் சுவர் அப்படி. அப்பாவுக்கு டிராம் பணிமனையில் மறுபடியும் பகல் ஷிப்ட், அதனால் மாலையில் வீட்டில் இருக்கிறார். வீட்டை இடித்துக் கட்டுகிற வரைக்கும் இருக்க ஆற்றுப் பக்கம் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தாயிற்று. ஏப்ரல் கடைசியில் காலி செய்கிறோம். என் புத்தகங்களை இருபத்திரண்டு பெட்டியாகக் கட்டிவிட்டேன், படிக்கக் கையில் ஒன்றுகூட இல்லாமல் நூலகத்துக்கு நடக்கிறேன். மார்ச் முடிவதற்குள் புது வீட்டின் வரைபடத்தில் நான் முத்திரை வைத்து ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். என்னுடையதா உன்னுடையதா என்பதுதான் இத்தனை நாள் பேச்சாக இருந்தது, உன்னுடையது என்று முடிவாகிவிட்டதாக அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த வீட்டைப் பதினோரு வருஷமாக மனசுக்குள் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு வண்டி நிறுத்துகிற இடத்தில் நாலு பேர் குடும்பத்துக்கு வீடு வரைந்துகொடுப்பதுதான் என் பிழைப்பு, ஆனால் அதெல்லாம் அடுத்தவர் வீடு. நம்முடைய பன்னிரண்டு சுபோவை, இருபத்து நாலு பாய் விரிக்கிற இந்தத் துண்டு நிலத்தை, நான் எத்தனை தடவை மூன்று மாடியாக அடுக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் டிசம்பரில் பதினெட்டுத் தாளாக வரைந்து முடித்தேன். சுவர் முடிந்தவரை மெல்லிசு, ஒரு சாண் இடம் வீண் இல்லை, மேல் மாடியில் கிழக்குப் பார்த்த ஜன்னலோடு உனக்கு மூன்று பாய் அறை. அப்பா பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டார். நீ திரையில் தாள் தாளாகப் பார்த்துவிட்டுச் சொன்னாய், "உன் பிளான்ல தப்பே இல்லம்மா. அதுதான் அதோட குறை." நீ சிரித்தாய், அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த வாக்கியத்தை மறுநாள் வேலைக்குப் போகும் வழியெல்லாம் சுமந்துகொண்டு போனேன்.

ஜனவரி கடைசி நாள் உன் வரைபடங்கள் வந்தன. இரண்டே மாடி. என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு பருமனான சுவர், அதற்குள் குளிர் நுழையாதபடி பொடித்த பழைய செய்தித்தாளை இறுக்கி அடைக்கச் சொல்லியிருந்தாய். இந்த வீட்டின் நாலு தேவதாரு உத்திரங்களையும் கழற்றி அப்படியே மறுபடி ஏற்ற வேண்டும், கூரைத் தண்ணீர் படிக்கட்டுக்கு அடியில் உள்ள தொட்டிக்கு வர வேண்டும், முழு வீட்டுக்கும் ஒரே ஒரு கணப்பு போதும். அந்தச் சுவர் இரண்டு பாய் இடத்தைத் தின்றுவிடும் என்று நான் எழுதினேன். நீ திருப்பிக் கேட்டாய், குளிர்காலத்தில் நாம் கால் வைக்காத இடம் எத்தனை பாய் என்று என்றைக்காவது எண்ணினாயா என்று. எண்ணிப் பார்த்தேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை மூன்று பேரும் சூடு வைத்த மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு ஒரே அறையில்தான் வாழ்ந்திருக்கிறோம், மற்ற அறைகளில் வெங்காயமும் இருமலும்தான் குடியிருந்தன. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே அப்பா உன் வரைபடத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் அட்டையை வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒட்டினார். பிரேக் கட்டையை இழைக்கிற கை அது, ஒரு மூலையும் பிசகவில்லை. ஒட்டி முடித்துக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, கைபேசி விளக்கை ஜன்னல் பக்கமாகக் காட்டி, காலை வெயில் எங்கே விழும், மூன்று மணிக்கு எங்கே விழும் என்று பார்த்தார். கதவு நிலைகளை அளந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார், "ஷிஹோ, இங்க பாரு, இந்த வீட்ல நான் ஒரு இடத்துலயும் குனிய வேண்டாம்." இருபது வருஷமாக இந்த வீட்டு நிலைகளில் நெற்றியை இடித்துக்கொள்கிற மனிதர். வீடு கட்ட வருகிறவர்களிடம் உயரம் என்ன என்றுதான் நான் முதலில் கேட்பேன், அதை வைத்துத்தான் அடுப்பு மேடைக்கே உயரம் குறிப்பேன். என் பதினெட்டுத் தாளில் நிலைகள் எல்லாம் கடையில் கிடைக்கிற உயரம்.

எனக்கு வந்தது பொறாமை, தொவாகோ. வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், இல்லை. படித்த கதைகளில் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படுகிற அம்மா நிறைய வருகிறாள், அழுகிற அம்மா அதைவிட நிறைய, பொறாமைப்படுகிறவள் வந்தால் அவளை ராட்சசியாக்கித்தான் எழுதியிருக்கிறார்கள். நான் ராட்சசி இல்லை, ஆனால் அந்த அட்டை வீட்டைத் துடைக்கிற சாக்கில் மிதித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உன் கையைப் பார்த்துப் பொறாமை, உன் வயதைப் பார்த்துப் பொறாமை. உன் பேராசிரியை மெரியா ஒரே ஒரு ஜன்னலுக்காக உன்னோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள் என்று நீ ஆசையாகச் சொன்னாயே, அன்றைக்கு அவள்மீதும் பொறாமை. எனக்குப் பத்தொன்பது வயதில் வரைபடப் பலகைக்குப் பக்கத்தில் அப்படி யாரும் உட்காரவில்லை, கல்லூரியை விட்டுவிட்டேன், அடுத்த வருஷம் என் பக்கத்தில் நீதான் இருந்தாய், தொட்டிலில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. திரும்பவும் கேட்டால் உன்னைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் எடுத்துக்கொண்டவளுக்கு ஆசையே இருந்ததில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தேநீர் ஊற்றிக்கொடுத்து, நகல் எடுத்துக்கொடுத்து, முப்பது வயதில் உன்னை வீட்டுப்பாடம் செய்ய வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்து வாங்கிய கட்டட முத்திரை இது. இன்னும் எனக்கு நாற்பது ஆகவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை, டிராமில் நின்றுகொண்டே உன் தரைத்தளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தப்பு தேடித்தான் பார்த்தேன். கிடைத்தது. நீ முன் சுவரை நம் வாசல் கதவு இருக்கிற கோட்டிலேயே நிறுத்தியிருக்கிறாய். நம் சந்து இரண்டு மீட்டர் எழுபது. இடித்துக் கட்டுகிறவர்கள் சந்தின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் விட்டுவிட்டுத்தான் சுவர் எழுப்பலாம், தீயணைப்பு வண்டி வரவேண்டும் என்று விதி. ஹொசாகா வீடு இப்போது உள்ளே தள்ளி நிற்பதும் அதனால்தான். சந்தில் புது வீடெல்லாம் பின்வாங்கியும் பழைய வீடெல்லாம் துருத்திக்கொண்டும் ஏன் பல்வரிசை மாதிரி கோணலாக இருக்கிறது என்று நீ கேட்டதே இல்லை. அந்தப் பள்ளங்களில் ஒளிந்து விளையாடித்தான் வளர்ந்தாய். நம் வீடும் அறுபத்தைந்து சென்டிமீட்டர் பின்னால் போக வேண்டும். ஒன்றரைப் பாய்க்கு மேல் போய்விடும். உன் படிக்கட்டு திரும்பாது, படிக்கட்டு திரும்பவில்லையென்றால் அந்த வீடு இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை உள்ளபடி சொல்கிறேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அன்றைக்கு உனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். அனுப்பவில்லை. நீயோ அந்த அளவுகளை நம்பி ஜன்னல் சட்டம், படிக்கட்டு மூட்டு என்று ஒவ்வொன்றாக வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தாய், காலை நாலு மணிக்கு எழுந்து வரைந்ததாகக்கூடச் சொன்னாய், அந்த உழைப்பெல்லாம் வீண் என்று தெரிந்தே கட்டைவிரல் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் நல்ல பிளான்தான், மேஸ்திரி குமேதாவிடம் காட்டிவிடுங்கள் என்று நானே சொன்னேன். தச்சு மேஸ்திரி கண்டுபிடித்துச் சொல்லட்டும், என் வாயால் வர வேண்டாம், அப்பா முகம் வாடும்போது என் பதினெட்டுத் தாளை எடுத்து நீட்டலாம் என்று கணக்கு.

குமேதா போன சனிக்கிழமை காலையில் வந்தார். அட்டை வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உத்திரத்தைத் திரும்ப ஏற்றுவதைப் பற்றி அப்பாவோடு ஒரு மணி நேரம் குஷியாகப் பேசினார். அப்பா காபி வாங்கிவர சந்து முனை இயந்திரத்துக்குப் போனதும் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, சந்தைக் காலால் அளந்து காட்டினார். வீடு வரைகிறவர்கள் எல்லாரும் அவருக்கு வாத்தியார்தான். "வாத்தியாரம்மா, பொண்ணு அருமையா போட்டிருக்கு. மூஞ்சி மட்டும் ரோட்டுல நிக்குது." நான் அப்படியா, கவனிக்கவில்லையே என்றேன். அவர் சிரித்தார். "இந்தச் சந்துல அஞ்சு வீட்டுக்கு நீங்கதான் கோடு போட்டீங்க. அஞ்சையும் பின்னாடி தள்ளி நிக்க வச்சதும் நீங்கதான். சொந்த வீட்டுக்கு மட்டும் கண்ணு மங்கிடுச்சா?" வேலை அதிகம், சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொரு பொய் சொன்னேன். நான் இதைப் பார்க்காமல் விட்டது நிஜமென்றால் உளியை விற்றுவிட்டு நூடுல்ஸ் கடை போடுவதாகச் சொன்னார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார், "உங்க வீட்டுக்காரர் யசுதாகாகிட்ட நான் வாயத் திறக்கல. மரத்தை அறுத்தப்புறம் சொன்னா மரம் ஒட்டாது. அதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க." அப்பா மூன்று காபி டப்பாவோடு திரும்பி வந்தார். குமேதா ஒன்றும் நடக்காததுபோல் வாங்கிக் குடித்தார்.

நேற்று காலை சாப்பிட்ட கிண்ணங்களை அப்பா கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். எப்போது தெரியும் என்றார், மூன்றாம் தேதி என்றேன். குழாயை மூடினார். "அதான் மூணு வாரமா இவ்வளவு நல்லா சமைச்சியா?" அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரும்பு அளவுகோலையும் கத்தியையும் எடுத்தார். ஐம்பதில் ஒரு பங்காக ஒட்டிய அட்டை வீட்டின் முன்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் மூன்று மில்லிமீட்டர் குறித்து, நிதானமாக வெட்டினார். படிக்கட்டு பாதியில் திரும்புகிற இடத்தில் நீ போட்டிருந்த சின்ன மேடையும் அதன் மேல் இருந்த மேசையும் உயர ஜன்னலும் தனியாக மேசையில் விழுந்தன. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழுகிற இடம் அது. நீ லீவுக்கு வந்தால் உட்கார்ந்து வரைய உனக்காகப் போட்டுக்கொண்ட மேசை என்று நான் நினைத்திருந்தேன், அதனாலேயே அதன் பக்கம் கண்ணை ஓட்டாமல் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்பா வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்ன அறுபத்திரண்டு என்று கேட்டார். மேசை உயரம் என்றேன். அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "தொவாகோவுக்கு முட்டி இடிக்குமே. அவ என்னை மாதிரி உயரம்." அப்புறம் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, அளவு நாடாவைத் தரையிலிருந்து என் முழங்கை வரை இழுத்தார். அறுபத்திரண்டு. போன வருஷப் புத்தாண்டுக்கு வந்தபோது கோட்டு தைத்து அனுப்புகிறேன் என்று என்னை உட்கார வைத்து, கை, முழங்கை, தோள் என்று அளந்து எழுதிக்கொண்டு போனாயே. வருஷம் ஒன்றாகியும் கோட்டு வரவில்லை, இந்தப் பெண்ணுக்குச் சொன்ன சொல் நினைவில்லை என்று நான் மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். தாளில் இருக்கிற எண்களைப் படிப்பது என் தொழில். உன் பிளானில் எல்லா எண்ணையும் தப்புக்காகப் படித்தேன், அந்த ஒரு எண்ணைப் படிக்கவில்லை. என் பதினெட்டுத் தாளில் அடுப்பு மேடைக்கு முன்னால் தவிர எனக்கென்று ஓர் இடமும் இல்லை என்பதையும் நேற்றுத்தான் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு அம்மாவின் பொறாமை கரைந்துவிட்டது என்று நினைக்காதே. கூடித்தான் இருக்கிறது. அந்த மேசையை யோசித்திருக்க வேண்டியவள் நான். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், அது வேறு, இருபது நாள் உன் தப்பைத் தின்று வயிறு வளர்த்ததற்கு எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். ஆனால் பொறாமைக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் நேற்று எண்ணினேன். உன் வீட்டில் உனக்கென்று ஒரு பாய் அளவுகூட இடம் இல்லை. மறந்தாயா, வேண்டாம் என்று விட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அப்பாவும் கவனித்திருக்கிறார், அவரும் சொல்லவில்லை. வெட்டி விழுந்த துண்டைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் எடுத்து வைத்துவிட்டு, ஊலுவில் இப்போது மணி என்ன என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த ஊரைப் பார்த்தும் பொறாமைதான், எழுதிவிட்டேன்.

இனி வேலையைச் சொல்கிறேன். மேசையையும் மேடையையும் எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் அப்படியே அடங்கும், குமேதா அதைத்தான் சொல்வார், அது சுலபம். அப்படி வரைந்து அனுப்பாதே, அதில் நான் முத்திரை வைக்க மாட்டேன். அறுபத்தைந்தும் போக வேண்டும், மேசையும் இருக்க வேண்டும், உன் பருமனான சுவரும் இருக்க வேண்டும். முடியும். இன்று விடுமுறை, காலையிலிருந்து உட்கார்ந்து வரைந்து பார்த்தேன், ஒரு வழி கிடைத்திருக்கிறது, நல்ல வழி. அதை உனக்குச் சொல்லமாட்டேன். நீயே தேடு, மெரியாவோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்துகூடத் தேடு. உன்னுடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் வராது, ஆனால் முத்திரை உன்னுடையதில்தான் விழும். தேடும்போது ஒருத்தி படுத்து எழுந்து போகிற அளவுக்கு எங்காவது ஒரு பாய் இடம் விட முடியுமா என்றும் பார். விட முடியாவிட்டால் விடு.

அளவைச் சந்தின் நடுக்கோட்டிலிருந்து எடு, வாசலிலிருந்து எடுக்காதே. நாலு மணிக்கு எழுந்து வரையாதே, தூங்கிய கண்தான் கோட்டைப் பார்க்கும். அப்பா அனுப்பிய காய்ந்த காளானை ஊறவைத்துச் சாப்பிடு, பொட்டலத்திலேயே வைத்திருக்காதே. உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும், நீ போடுகிற வீடுகளில் குடியிருக்கிறவர்கள் குளிராமல் குனியாமல் வாழட்டும், அந்தப் புண்ணியத்தில் நீயும் நன்றாக இரு. மார்ச் இருபதாம் தேதிக்குள் வரைபடம் என் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் என்னுடையதை அனுப்பிவிடுவேன், அந்தப் பதினெட்டுத் தாளையும் நான் இன்னும் கிழிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஷிஹோ